பதினொரு தரம் கழுவினோம்

"பதினொரு தரம் கழுவினோம். இன்னும் வெள்ளை வருகிறது."

ஒரு மாணவனின் செய்முறைக் கொப்பியில் இருந்த வரி இது. பக்கத்தில் சிவப்புப் பேனையால் கோடு இழுத்து, "கழுவியது போதாது" என்று எழுதி, பத்துக்கு நாலு போட்டவன் நான். போட்ட கையோடு அடுத்த கொப்பியை எடுத்துவிட்டேன். அன்றைக்கு அது ஒரு பெரிய விஷயமாகவே படவில்லை. இப்போது இரண்டு வருசம் ஆகிறது, அந்தப் பதினொன்று இன்னும் போகமாட்டேன் என்கிறது.

கரையாத உப்பு ஒன்றைத் தயாரிப்பதுதான் இரசாயனவியலில் ஆகச் சுகமான செய்முறை என்று பிள்ளைகள் நினைப்பார்கள். தெளிந்த கரைசல் இரண்டு, ஒன்றுக்குள் மற்றதை ஊற்றினால் பால் மாதிரி ஒரு வெள்ளை, "ஆ" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வடிக்க வேண்டும், கழுவ வேண்டும், காயவைக்க வேண்டும், நிறுக்க வேண்டும். இதில் கழுவுகிற இடம் இருக்கிறதே, அதை எந்தப் பிள்ளையும் விரும்பிச் செய்து நான் பார்த்ததில்லை. சோறு வடித்த பானையைக் கழுவச் சொன்னது மாதிரி ஒரு முகம் வரும்.

அன்றைக்கு நாங்கள் செய்தது பேரியம் சல்பேற்று. பேரியம் குளோரைட்டுக் கரைசலில் 50 மில்லிலீற்றர், சோடியம் சல்பேற்றுக் கரைசலில் 50 மில்லிலீற்றர், இரண்டும் 0.1 மூல் செறிவு. கணக்குப்படி 1.165 கிராம் உப்பு விழ வேண்டும். பேரியம் சல்பேற்று ஒரு லீற்றர் தண்ணீரில் இரண்டரை மில்லிகிராம் அளவுதான் கரையும் என்பதால் விழாமல் தப்பிப் போகிறது மிகக் குறைவு. தொந்தரவு வேறு இடத்தில் இருக்கிறது. அதன் மணிகள் மிக நுண்மையானவை. அவசரப்பட்டு வடித்தால் வடிதாளுக்குள்ளாலேயே இறங்கி, கீழே வருகிற வடிதிரவமும் கலங்கலாக வரும். கரைசல்களைச் சூடாக்கி, மெதுவாகக் கலந்து, கலந்த பிறகும் கொஞ்ச நேரம் சூட்டிலேயே வைத்திருந்தால் சின்ன மணிகள் கரைந்து பெரிய மணிகளில் போய் ஒட்டிக்கொள்ளும். பொறுமையானவனுக்குத்தான் பேரியம் சல்பேற்று வடியும்.

ஏன் கழுவ வேண்டும் என்று கேட்கிற பிள்ளைக்கு நான் எப்போதும் ஆஸ்பத்திரிக் கதையைச் சொல்வேன். குடலைப் படம் பிடிக்க நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கிற வெள்ளைக் குழம்பு பேரியம் சல்பேற்றுத்தான். பேரியம் அயன் நஞ்சு. ஆனாலும் கரையாத உப்பாக இருப்பதால் அது குடலுக்குள்ளால் வந்தபடியே போய்விடுகிறது. பேரியம் காபனேற்றும் கரையாததுதானே, அதைக் கொடுத்தால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்காவிட்டால் நானே கேட்பேன். வயிற்றில் ஐதரோக்குளோரிக்கமிலம் இருக்கிறது, காபனேற்று அதில் கரையும், பேரியம் அயன் வெளியே வரும், ஆள் முடிந்தது. அதேபோலத்தான், கழுவாத சல்பேற்றில் பேரியம் குளோரைட்டு ஒட்டிக்கொண்டிருந்தாலும். இந்தக் கதைக்குப் பிறகு கொஞ்ச நேரமாவது ஒழுங்காகக் கழுவுவார்கள்.

கழுவி முடிந்ததா என்று எப்படித் தெரியும்? கழுவி இறங்கிய தண்ணீரில் ஐந்து மில்லிலீற்றர் எடுத்து, ஐதான நைத்திரிக்கமிலம் கொஞ்சம் விட்டு, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் ஒரு துளி விட வேண்டும். குளோரைட்டு மிச்சம் இருந்தால் வெள்ளி குளோரைட்டு வெள்ளையாக விழும். விழாமல் தெளிவாக நின்றால் கழுவியது போதும். ஒரு வீழ்படிவு சுத்தமா என்பதை இன்னொரு வீழ்படிவைக் கொண்டு கேட்பது. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஏழு குழுக்கள். ஆறு குழுக்களின் கொப்பியில் ஏறக்குறைய ஒரே வசனம்: "மூன்று தரம் கழுவிய பின்னர் வெண்ணிற வீழ்படிவு தோன்றவில்லை." விளைச்சலும் எல்லாருக்கும் 1.1 கிராமுக்குக் கிட்டத்தான். ஏழாவது குழுதான் பதினொரு தரம் கழுவிய குழு. அவர்களுக்கு 1.4 கிராம் வந்திருந்தது. "வெயிலில் அரை மணித்தியாலம்தான் வைத்தோம், ஈரம் முழுக்கக் காயவில்லை" என்று அடைப்புக்குறிக்குள் எழுதியிருந்தான். கணக்கைவிட நூற்றுக்கு இருபது கூட. இயற்கை வட்டி கொடுக்காது தம்பி என்று அதற்கும் ஒரு குறிப்பு எழுதினேன். எழுதும்போது என் பகிடியை நானே ரசித்ததும் நினைவிருக்கிறது.

மஞ்சள் சோக்கு

நான் உயர்தரம் படித்தது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில். யுத்தத்தில் மின்சாரம் இல்லாமல் ஜாம் போத்தலில் விளக்கு எரித்த காலம் அது; யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆய்வுகூடம் என்று ஒரு கட்டடம் இருந்தது. அதற்குள் மூடி திறக்கப்படாத அலுமாரியும், வெறும் போத்தல்களில் அழகான பெயர்த்துண்டுகளும் இருந்தன. எங்கள் ஆசிரியர் மிக நல்லவர். ஈய நைத்திரேற்றையும் பொற்றாசியம் அயடைட்டையும் கலந்தால் என்ன வரும் என்பதை மஞ்சள் சோக்குக் கட்டியால் கரும்பலகையில் காட்டினார். சோதனைக் குழாய் ஒன்றைக் கீறி, அடியில் மஞ்சளைத் தேய்த்துவிட்டு, "இப்பிடித்தான் பிள்ளையள், இதைவிட வடிவாயிருக்கும்" என்றார். சூடாக்கினால் கரைந்து, ஆறும்போது பொன் துகள்களாக மினுங்கி இறங்கும் என்று கையைக் காற்றில் ஆட்டிக் காட்டியதும் இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. "பிரகாசமான மஞ்சள் நிற வீழ்படிவு" என்று எழுதினேன். முழுப்புள்ளி கிடைத்திருக்கும். ஈய அயடைட்டை என் கண்ணால் பார்ப்பதற்கு அதற்குப் பிறகு ஐந்து வருசம் எடுத்தது. சோக்கின் மஞ்சளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ஆனால் கையால் ஒரு கரையாத உப்பை நாங்கள் எல்லாரும் அந்த நாளிலேயே செய்துகொண்டுதான் இருந்தோம். அப்படி ஒரு பெயர் அதற்கு இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவில்லை. கிணற்றடியில் சவர்க்காரம் போட்டால் நுரை வருவதற்குப் பதிலாகத் தலைமயிரில் பிசுபிசுவென்று ஒரு வெள்ளை ஒட்டுமே, அதுதான். எங்கள் தண்ணீரில் கரைந்திருக்கிற கல்சியம், சவர்க்காரத்தின் கொழுப்பமில அயனைப் பிடித்துக்கொண்டு கரையாத உப்பாக விழுகிறது. கல்சியம் எல்லாம் விழுந்து முடிந்த பிறகுதான் நுரைக்கு முறை வரும். சவர்க்காரம் கண்ணில் காணக் கிடைக்காத அந்தக் காலத்தில், அரைவாசிக் கட்டியை இந்த வீழ்படிவுக்கே கொடுத்துக்கொண்டிருந்தோம். அம்மா மழைத்தண்ணீரைக் கிடாரத்தில் பிடித்து வைத்துத் தலை முழுகச் சொன்னதன் இரசாயனம் அதுதான். இதை நான் ஒரு விடைத்தாளிலும் எழுதவில்லை. எழுதலாம் என்று தோன்றியதும் இல்லை.

காய்ச்சியது, வடித்தது

கொப்பிகள் திருத்திய அன்றிரவு பதினொன்று என்னைக் குடையத் தொடங்கியது. சோம்பேறிப் பிள்ளை பதினொரு தரம் கழுவாது. பொய் எழுதுகிற பிள்ளை பதினொன்று என்று எழுதாது, மூன்று என்றுதான் எழுதும். அவனுடைய கொப்பியைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், கடை வாசலில் தேங்காய் எண்ணும்போது போடுகிற மாதிரி. எண்ணினேன். பதினொன்று இருந்தது. ஒன்பதாவது கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

காலையில் மணி அடிப்பதற்கு முன்னமே ஆய்வுகூடத்துக்குப் போனேன். கழுவப் பயன்படுத்திய போத்தல் மேசையில் அப்படியே இருந்தது. அதிலிருந்த தண்ணீரில் கொஞ்சத்தைச் சோதனைக் குழாயில் எடுத்து, அமிலம் விட்டு, வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி விட்டேன். பேரியமும் இல்லை, சல்பேற்றும் இல்லை, வெறும் தண்ணீர். துளி விழுந்த இடத்திலிருந்து புகை மாதிரி ஒரு வெள்ளை சுருண்டு இறங்கியது. குலுக்கினேன், முழுக் குழாயும் பாலாகிவிட்டது. நம்பாமல் அமோனியா விட்டுப் பார்த்தேன். தெளிந்துவிட்டது. வெள்ளி குளோரைட்டேதான்.

ஆய்வுகூட உதவியாளர் என்னைவிட வயதில் மூத்தவர், கைவேலையில் நுணுக்கமான மனுசன். "அண்ணை, இந்தப் போத்தலுக்க என்ன தண்ணி?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே சேர் போன கிழமை சொன்னனீங்கள், காய்ச்சி வடிச்ச தண்ணி முடிஞ்சுபோச்சு எண்டு. நான் கிணத்துத் தண்ணியை நல்லாக் கொதிக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, வடிதாளில ரெண்டு தரம் வடிச்சு வச்சனான்."

காய்ச்சினார். வடித்தார். சொன்ன சொல்லில் ஒரு பிழையும் இல்லை. நீராவியாக்கி, அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடிப்பதற்கு எங்கள் பாடப்புத்தகம் வைத்திருக்கிற பெயரே "காய்ச்சி வடித்த நீர்". சோறு வடிக்கிற, கஞ்சி வடிக்கிற ஒரு மொழியில் அதை அவர் வேறு எப்படி விளங்கிக்கொள்வது? 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, பிறகு மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, இரசாயனத்தையும் தமிழில் அச்சேற்றிய கிறீன் வைத்தியரின் ஊர்ப்பக்கத்து ஆட்கள் நாங்கள். கலைச்சொல் பற்றி மேடையில் எவ்வளவோ பேசியிருக்கிறேன். என் ஆய்வுகூடத்துக்குள்ளேயே ஒரு கலைச்சொல் இப்படிக் காலை வாரும் என்று நினைத்ததில்லை. வழமையாக வாகனத் திருத்தகத்தில் பற்றரிக்கு விடுகிற தண்ணீரை வாங்கி வருவோம். அந்த முறை நான் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு மறந்துபோனேன்.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. காய்ச்சினால் எங்கள் தண்ணீர் பார்வைக்கு முன்னையைவிடச் சுத்தமாகிவிடும். சுண்ணக்கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீரில் கல்சியம் இருகாபனேற்றாகக் கரைந்திருக்கிறது. கொதிக்கும்போது அது காபனேற்றாகி அடியில் படிந்துவிடும். ஒவ்வொரு வீட்டுக் கேத்திலுக்குள்ளும் வெள்ளையாகப் பிடித்திருக்கிறதே, அது. அதை வடித்து எடுத்தால் மிச்சத் தண்ணீர் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும். ஆனால் குளோரைட்டு எங்கேயும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். ஒரு லீற்றரில் 35.5 மில்லிகிராம் குளோரைட்டு இருந்தாலே போதும், ஐந்து மில்லிலீற்றரில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று விழுந்ததும் அயன்களின் பெருக்கம் வெள்ளி குளோரைட்டின் கரைதிறன் பெருக்கத்தைவிட (அதைத் தாண்டினால் உப்பு விழத் தொடங்கும் என்கிற எல்லை) ஐயாயிரம் மடங்குக்கு மேல் போய்விடும். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் அதைவிடக் கூடத்தான் இருக்கும். அந்தப் போத்தலால் பதினொரு தரம் இல்லை, நூற்றிப் பதினொரு தரம் கழுவினாலும் வெள்ளை வந்துகொண்டேதான் இருக்கும்.

கதிரையில் உட்கார்ந்தேன். பிள்ளைக்கு அநியாயம் செய்துவிட்டேன் என்பது விளங்கிவிட்டது. மற்ற ஆறு கொப்பிகளைப் பற்றி யோசிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஏழு குழுக்களும் கழுவியது ஒரே தண்ணீரால். மூன்று தரம் கழுவிய பிறகு தெளிவாக வந்தது என்று எழுதிய ஆறு குழுக்களும் பார்த்திருக்கவே முடியாத ஒன்றைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் ஒன்பதும் பத்தும் போட்டிருந்தேன். ஒரு கொப்பியில் "மிக நன்று" என்றும் எழுதி, அடியில் கோடும் போட்டிருந்தேன்.

ஒரு பெண்பிள்ளை சொன்னது

கொப்பிகள் அன்றைக்கே பிள்ளைகளிடம் போய்விட்டன. அடுத்த நாள் வகுப்பில் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. வெறும் தண்ணீரில் துளி விட்டுக் காட்டினேன். வெள்ளை வந்தது. ஒருவரும் "ஆ" என்று சொல்லவில்லை. பிறகு கேட்டேன், முந்தாநாள் உண்மையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் யார் என்று. மேசையைப் பார்த்தார்கள், யன்னலைப் பார்த்தார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளைதான் எழும்பினாள்.

"சேர், நாங்களும் வெள்ளைதான் கண்டனாங்கள். ரெண்டு தரம் பாத்தம். எங்கட பிழையாக்கும் எண்டு நினைச்சு, வரேல்லையெண்டு எழுதினனாங்கள்."

ஏசுவதற்கு எனக்கு வாய் வரவில்லை. மஞ்சள் சோக்கைப் பார்த்துப் "பிரகாசமான" என்று எழுதியவன் நான். அந்தப் பிள்ளைகளாவது சோதித்துப் பார்த்துவிட்டு மாற்றினார்கள். எனக்கு மாற்றுவதற்குக்கூட ஒன்றும் இருக்கவில்லை. தண்ணீரைப் பற்றிச் சொன்னேன், உதவியாளரின் பெயரை இழுக்காமல் பிழை என்னுடையது என்று சொன்னேன். பிறகு அந்தப் பையனின் கொப்பியைக் கேட்டேன், புள்ளியைத் திருத்துவதற்கு.

கொண்டுவந்து தந்தான். அந்தப் பக்கம் இல்லை. நான் குறிப்பு எழுதிய தாளைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதியிருந்தான். வடிவான கையெழுத்து, அடிமட்டம் வைத்துக் கீறிய அட்டவணை. "மூன்று தரம் கழுவிய பின்னர் வெண்ணிற வீழ்படிவு தோன்றவில்லை. விளைச்சல் 1.12 கிராம்."

ஒரே ஒரு இரவில் பிள்ளை படித்துவிட்டான். படிப்பித்தது நான்.

பழைய தாள் எங்கே என்று கேட்டேன். வீட்டில் கிடக்கும் என்றான். எறிந்துவிட்டானோ தெரியவில்லை, அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதுவும் ஒரு விசாரணை மாதிரித்தான் இருந்திருக்கும்.

போத்தல்கள்

அடுத்த கிழமை எல்லாரும் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு சின்னப் போத்தல் கொண்டுவர வேண்டும் என்று சொன்னேன். பாடத்திட்டத்தில் அப்படி ஒன்றும் கிடையாது. வெள்ளி நைத்திரேற்று மலிந்த சாமானும் இல்லை, சிந்தினால் விரல் இரண்டு கிழமைக்குக் கறுத்திருக்கும். ஆளுக்கு ஒரு துளி என்று கட்டுப்பாடு வைத்தேன்.

இருபத்தாறு போத்தல்கள் வந்தன. யன்னல் கட்டில் குழாய்களை வரிசையாக வைத்து, துளி விட்டு, கலங்கல் குறைந்ததிலிருந்து கூடியது வரைக்கும் அடுக்கினோம். தீவுப்பக்கம் தாய்வீடு இருக்கிற ஒரு பிள்ளை அங்கிருந்து கொண்டுவந்த தண்ணீர் தயிர் மாதிரித் திரண்டது. "சேர், உதை நாங்கள் குடிக்கிறேல்ல, குளிக்கத்தான்" என்று அவசரமாகச் சொன்னாள். உள்ளே தள்ளி, செம்மண் பக்கத்துக் கிணறுகள் மெல்லிய கலங்கலோடு நின்றன. வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லாத இந்தக் குடாநாட்டில் மழைத்தண்ணீர் சுண்ணக்கல் இடுக்குகளுக்குள் இறங்கி, பாரம் குறைவு என்பதால் அடியில் இருக்கிற கடல்தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது அதனால்தான். துலா மிதித்து இறைத்த நாளில் மேல் தண்ணீர்தான் வரும். மோட்டரைப் போட்டுவிட்டு ஆள் கடைக்குப் போய்விட்டால் அடித் தண்ணீர் மேலே ஏறும். அன்றைக்கு யன்னலில் நின்ற வரிசை கிட்டத்தட்ட ஒரு வரைபடம் மாதிரி இருந்தது.

வெங்காயத் தோட்டக்காரரின் மகன் ஒருவன், "சேர், நைத்திரேற்றுக்கும் இப்பிடித் துளி விட்டுப் பாக்கேலாதோ?" என்றான். ஏலாது. எல்லா நைத்திரேற்றுகளும் கரையும் என்று முதல் நாளே பாடமாக்கிய விதியின் மறுபக்கம் அது. எந்த உலோக அயனைப் போட்டாலும் பள்ளிக்கூடத்தில் அதை விழவைக்க முடியாது. தோட்டத்துக்குப் போடுகிற உரத்தில் பயிர் எடுக்காமல் விட்டது அப்படியே கரைந்து கிணற்றுக்குப் போகிறது. குடிதண்ணீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுத்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை. எங்கள் பக்கத்தில் அதைத் தாண்டிய கிணறுகள் உண்டு. அந்தத் தண்ணீர் யன்னல் வரிசையில் நல்ல இடத்தில் தெளிவாகவே நிற்கலாம். பையன் கொஞ்ச நேரம் தன் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பதினொரு தரம் கழுவியவன் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவரவில்லை. முந்தின இரவு பெய்த மழையில் முற்றத்தில் வைத்துப் பிடித்த தண்ணீர். அவனுடைய குழாயில் துளி விழுந்தது. எல்லாரும் குனிந்தார்கள். ஒன்றும் இல்லை என்றது ஒரு பக்கம். இல்லை, மெல்லிசாக ஏதோ இருக்கிறது என்றது மற்றப் பக்கம். கடல் சூழ்ந்த ஊரின் மழையில் குளோரைட்டு கொஞ்சமாவது இருக்கத்தான் செய்யும் என்று எனக்குத் தெரியும், ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவன் கொப்பியின் கறுப்பு மட்டையைக் குழாய்க்குப் பின்னால் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, நிறைய நேரம் பார்த்தான். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தான். நான் யன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அன்று பின்னேரம் கொப்பிகள் வந்தன. அவனுடைய அட்டவணையில் கடைசி வரி: "மழைத்தண்ணீர்: மிக மெல்லிய மங்கல் மாதிரித் தெரிகிறது. எங்கள் குழுவில் இரண்டு பேர் இல்லை என்கிறார்கள்."